சட்டம் படிக்கச் சீட் கிடைக்குமா சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் என் போனுக்கு ஒரே மாதிரிக் கேள்வி வரும். "சார், பையன் இவ்வளவு மார்க். சட்டம் கிடைக்குமா?" "மாமா, கிளாட்னு ஒரு பரீட்சை இருக்காமே, அதுக்கு எப்படிப் படிக்கணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். அதோடு, இந்த விஷயத்தில் நான் செய்த இரண்டு தவறுகளையும் எழுதுகிறேன். அவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பதிவு முழுமையாகும்.

முதல் தவறு 1998ஆம் ஆண்டு. துறையூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் அப்போது நான் கணக்கு ஆசிரியர். பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்த ஒரு மாணவி, மார்க் ஷீட் வாங்க வந்த அன்று என் மேஜை அருகே நின்றாள். "சார், நான் சட்டம் படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். அவள் அப்பாவுக்கு வரப்புத் தகராறில் முன்சீப் கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வக்கீல் என்ன எழுதிக் கொடுக்கிறார், நீதிபதி என்ன சொன்னார் என்று வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. அந்தக் காகிதங்களைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் வீட்டில் வேண்டும் என்பது அவள் ஆசை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கோர்ட்டு, கச்சேரி எல்லாம் பொம்பளப் பிள்ளைக்கு ஆகாதும்மா. டீச்சர் ட்ரெயினிங் போ. நல்ல வேலை." அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. திருச்சியில் 1979 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் பயணம். அதில் எப்படிச் சேர்வது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

அவள் ட்ரெயினிங் முடித்தாள். கல்யாணம் ஆயிற்று. வேலை கிடைக்கவில்லை, ஒரு தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு இன்றைக்கும் போகிறாள். அப்பாவின் வழக்கு பல வருடம் இழுத்து, கடைசியில் அலுத்துப் போய் பாதி நிலத்தை விட்டுக்கொடுத்து ராஜி ஆனார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் 2016 மே மாதம் ஓய்வு பெற்றேன். அதற்குப் பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே மாணவி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். கூடவே பதினோராம் வகுப்பு முடித்த மகள். "சார், இவ சட்டம் படிக்கணுங்கறா. என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றாள். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

இந்த முறை "தெரியாதும்மா. ஒரு வாரம் டைம் கொடு. விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். அப்படி விசாரித்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

சட்டப் படிப்புக்கு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முக்கியமாக இரண்டு வாசல்கள்.

முதல் வாசல், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். சென்னையில் அந்தப் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளி, பிறகு திருச்சி, மதுரை, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர் என்று பல ஊர்களில் இருக்கும் அரசு சட்டக் கல்லூரிகள். இங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண். 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி தரவரிசை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. இது சட்டப் படிப்புக்கும் பொருந்தும் என்பது பல பெற்றோருக்கு இன்னும் தெரியவில்லை. மருத்துவம், இன்ஜினியரிங் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள்.

இரண்டாவது வாசல், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள். பெங்களூருவில் பேராசிரியர் மாதவ மேனன் 1980களின் கடைசியில் தொடங்கி வைத்தது முதலாவது. அதைப் பார்த்து ஒவ்வொரு மாநிலமும் தொடங்க, இன்று 20க்கும் மேல் இருக்கின்றன. நமக்கு மிக அருகில் திருச்சி – திண்டுக்கல் சாலையில் நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவானது. இவற்றுக்கு 2008 முதல் பொதுவான நுழைவுத் தேர்வு, அதுதான் கிளாட். டெல்லியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு நடத்துகிறது.

கிளாட் எழுதப் பிளஸ் டூவில் 45 சதவீதம் இருந்தால் போதும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. வயது உச்சவரம்பு இல்லை. பிளஸ் டூ படித்துக்கொண்டே எழுதலாம். அண்மை ஆண்டுகளில் டிசம்பர் முதல் ஞாயிறு மதியம் 2 மணிக்கு நடக்கிறது. அதாவது நம் ஆட்கள் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு விசாரிக்கும்போது, தேர்வு முடிந்து அரை வருடம் ஆகியிருக்கும். விண்ணப்பம் ஆடி, ஆவணியிலேயே தொடங்கிவிடும். இந்த ஒரு தகவலுக்காகவாவது இந்தப் பதிவை நாலு பேருக்கு அனுப்புங்கள்.

விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 3,500. தேர்வு எழுத மட்டும்தான் இந்தப் பணம். இடம் கிடைத்தால் ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் போகும். அரசு சட்டக் கல்லூரியில் அப்படி இல்லை. கல்விக் கடன், உதவித்தொகை எல்லாம் உண்டு என்றாலும், இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சரி, சீட் கிடைக்குமா?

நான் விசாரித்துப் புரிந்துகொண்டது இது. "இத்தனை மார்க்குக்குக் கிடைக்குமா" என்ற கேள்விக்கு யாரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பாதீர்கள். போன வருடம் உங்கள் பிரிவில், நீங்கள் விரும்பும் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க் என்ன என்று பாருங்கள். அதற்கு முந்தைய வருடத்தையும் பாருங்கள். மார்க்கைப் பார்க்காதீர்கள், ரேங்க்கைப் பாருங்கள். வினாத்தாள் கடினமானால் எல்லோருக்கும் மார்க் குறையும், ரேங்க் அப்படி மாறாது. அந்தந்த மாநில மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கும் இடங்களில் அதையும் தனியாகப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் திருச்சியில் வாய்ப்பு கொஞ்சம் கூடுவது அதனால்தான். இரண்டு வாசலிலும் விண்ணப்பம் போடுங்கள். ஒன்று மூடினால் இன்னொன்று திறந்திருக்கட்டும்.

அந்தப் பிள்ளையை நான் பாப்பா என்று கூப்பிடுவேன். அவள் என்னை "சார் தாத்தா" என்பாள். அம்மாவுக்குச் சார், மகளுக்குத் தாத்தா, இரண்டையும் சேர்த்துவிட்டாள்.

ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தோம். ஒரு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வா பாப்பா, நாமளே படிச்சுப் பாப்போம்" என்றேன். தேர்வு நடத்தும் கூட்டமைப்பின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கின்றன. என் பழைய மாணவன் ஒருவன் அச்செடுத்துக் கொடுத்தான்.

வினாத்தாளைப் பார்த்ததும் முதலில் எனக்குத்தான் வியர்த்தது. 120 கேள்விகள், 120 நிமிடம். ஐந்து பகுதிகள்: ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும், சட்டக் காரணியறிதல், தர்க்கம், கணிதம். எல்லாமே பத்தி கொடுத்துக் கேட்கும் கேள்விகள். ஒவ்வொரு பத்தியும் சுமார் 450 சொற்கள் வரை போகும், அதன் கீழே நாலைந்து கேள்விகள். கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் பல ஆயிரம் ஆங்கிலச் சொற்களைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இங்கே வேலை இல்லை. வாசிக்கப் பழகிய பிள்ளைக்குத்தான் வேலை.

அதனால் நாங்கள் சட்டப் புத்தகத்தைத் தொடவே இல்லை. ஜூன் மாதத்திலிருந்து தினமும் ஒரு ஆங்கில நாளிதழ். முதல் மாதம் ஒரு தலையங்கத்தைப் படிக்க 25 நிமிடம் ஆயிற்று. தெரியாத சொல்லை அடிக்கோடிட்டுவிட்டு நிற்காமல் மேலே போகச் சொன்னேன். படித்து முடித்ததும் பேப்பரை மூடிவிட்டு, "இவர் என்ன சொல்றாரு? ஏன் சொல்றாரு?" என்று தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அக்டோபரில் அதே அளவு தலையங்கத்துக்கு 6 நிமிடம். நடப்பு நிகழ்வுக்கும் அதுவே தயாரிப்பு. ஒரு நோட்டில் தினமும் ஐந்து வரி.

சட்டப் பகுதிக்கு சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒரு விதியைக் கொடுப்பார்கள், ஒரு சம்பவத்தைக் கொடுப்பார்கள், அந்த விதியை இந்தச் சம்பவத்துக்குப் பொருத்த வேண்டும். நானே ஒன்று செய்து கொடுத்தேன். "தெருவில் நாயை அவிழ்த்துவிட்டவர், அது கடித்தால் பொறுப்பு. கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தால் பொறுப்பில்லை." சம்பவம்: ஏழு வயதுப் பையன் கல்லால் அடித்தான், நாய் கடித்தது. பாப்பா உடனே, "பாவம், சின்னப் பையன். நாய்க்காரர்தான் பணம் கொடுக்கணும்" என்றாள். "விதியில வயசு பத்தி ஏதாவது இருக்கா?" என்றேன். யோசித்தாள். "இல்ல." "அப்ப?" "அப்ப பொறுப்பில்ல. ஆனா இந்த விதி சரியில்ல தாத்தா." "அதை வக்கீல் ஆனப்புறம் மாத்து. பரீட்சையில விதி சொல்றதை மட்டும் எழுது." நிஜச் சட்டம் இதைவிட விரிவானது, குழந்தைகளை வேறு மாதிரி பார்க்கும். ஆனால் தேர்வில் கொடுத்த விதிதான் சட்டம்.

கணிதம் 10 முதல் 14 கேள்விகள்தான். சதவீதம், விகிதம், சராசரி, அட்டவணை பார்த்துக் கணக்கிடுவது. பத்தாம் வகுப்புத் தரம். இதை நான் பார்த்துக்கொண்டேன். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மதியம் 2 மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் முழுத் தேர்வு. தூக்கம் வரும் நேரம் என்பதால் அதே நேரத்தில் பழக வேண்டும். வீட்டம்மா 4 மணிக்குக் காபி கொண்டு வந்து வைத்தால் பரீட்சை முடிந்தது என்று பொருள்.

இனி என் இரண்டாவது தவறு.

இந்தத் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைப்பார்கள். மைனஸ் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. "உறுதியா தெரியாததைத் தொடாதே" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். தேர்வு நாள் திருச்சியில் மையத்தின் வாசலிலும் சொன்னேன்.

தேர்வு முடிந்து விடைகள் வந்ததும் உட்கார்ந்து சரிபார்த்தோம். 93 கேள்விக்கு விடை எழுதியிருந்தாள். 61 சரி, 32 தவறு. 61இல் 8 போக 53. விட்டது 27. அதில் 12 நேரம் போதாமல் பார்க்கவே இல்லை. மீதி 15 கேள்வி? "படிச்சேன் தாத்தா. ரெண்டு விடை நிச்சயம் இல்லன்னு தெரியும். மீதி ரெண்டுல எதுன்னு சந்தேகம். நீங்கதான் தொடாதேன்னு சொன்னீங்களே."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நான்கு விடைகள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நான்கில் ஒரு முறை 1 மதிப்பெண் வரும், மூன்று முறை கால் போகும். நான்கு கேள்விக்கு 1 கழித்தல் 0.75, அதாவது 0.25 லாபம். கேள்விக்கு 0.0625. சிறியதுதான், ஆனால் நஷ்டம் இல்லை. இரண்டு விடைகளை நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தொட்டால், பாதி முறை 1 வரும், பாதி முறை 0.25 போகும். கேள்விக்குச் சராசரியாக 0.375 லாபம். 15 கேள்விக்கு 5.6. பார்க்காமல் விட்ட 12க்கும் சேர்த்தால் 6.4 அளவில். எல்லோரும் நெருக்கமாக நிற்கும் இடத்தில் ஆறு மதிப்பெண் என்பது ரேங்க்கில் பெரிய வித்தியாசம்.

பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு பாடத்தை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! உங்களில் எத்தனை பேருக்கு நாணயத்தையும் பகடையையும் உருட்டிக் காட்டியிருப்பேன்! எனக்கென்று வந்தபோது கணக்குப் போடவில்லை. பயத்தை அறிவுரையாகச் சொல்லிவிட்டேன்.

ரேங்க் வந்தது. எந்தத் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் எட்டவில்லை. அந்த ஆறு மதிப்பெண் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். கிடைத்திருக்காது என்றும் என்னால் சொல்ல முடியாது. சும்மா இருந்திருக்கலாம், அவர்களுக்குத் தெரியாது. ஆனால் இரண்டாம் முறையும் மறைக்க மனம் வரவில்லை. இருவரையும் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைக் காட்டினேன். 1998இல் சொன்னதையும் சேர்த்து, "ரெண்டு தடவையும் தப்பா வழி சொன்னது நான்தான்மா" என்றேன்.

பாப்பா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "நானும் பத்தாவதுல நிகழ்தகவு படிச்சேன்ல தாத்தா? நானே போட்டுப் பாத்திருக்கலாம்" என்றாள்.

அவள் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "எங்க வீட்டுல நீங்க சொன்னா அப்படியே கேட்டுக்குவோம் சார். எங்கப்பாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஒரு தடவை ஏன்னு கேட்டிருக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் எனக்குள் இருக்கிறது.

பாப்பா பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் அந்த ஒதுக்கீட்டிலும் பெயர் வந்தது. திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். ஆறு மாதம் ஆங்கிலம் வாசித்தது வீணாகவில்லை. வகுப்பில் தீர்ப்புகளைப் படிக்கச் சொன்னால் மற்றவர்களைவிட வேகமாகப் படிக்கிறாளாம். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, தாத்தாவின் பழைய வழக்குக் கட்டை இறக்கி முதல் பக்கத்திலிருந்து படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறாள். நிலம் திரும்ப வராது. ஆனால் என்ன நடந்தது என்று அந்த வீட்டுக்கு முதல் முறையாகப் புரிந்தது.

படிப்பு முடிந்தால் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், அகில இந்திய பார் தேர்வு எழுத வேண்டும். பதிவுக் கட்டணம் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

இந்த வருடம் என் திண்ணையில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். வசதியில்லாத பிள்ளைகளைச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத் தயார் செய்ய, மறைந்த பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் ஐடிஐஏ என்ற அமைப்பைத் தொடங்கினார். அது போன்றவர்களையும் விசாரித்துப் பாருங்கள். என் மாணவர்களில் வக்கீலாக இருப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு ஒரு மணி நேரம் போனில் இந்தப் பிள்ளைகளிடம் பேசினால் போதும். பணம் வேண்டாம். படித்து முடித்த ஆங்கில நாளிதழ்கள் இருந்தால் கொடுத்து அனுப்புங்கள்.

இந்தப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: "நான் எது சொன்னாலும் ஏன்னு கேளுங்க. கணக்குப் போட்டுப் பாருங்க." நேற்று ஒரு பையன் என் விடை தவறு என்று நிரூபித்தான். சரியாகத்தான் இருந்தது அவன் கணக்கு.

உங்களில் வேறு யாருக்காவது நான் "அது உனக்கு ஆகாது" என்று சொல்லியிருந்தால், தயங்காமல் எனக்கு எழுதுங்கள். இப்போது என்னால் செய்ய முடிந்தது ஏதாவது இருந்தால் செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்